கல்லீரல் ஏற்பிகள்: செல் கல்ச்சரா, ஸ்லைடா?

திருச்சி, தஞ்சாவூர்ப் பக்கம் உயிர்வேதியியல் படிக்கிறவர்கள் கல்லீரலின் ஹார்மோன் ஏற்பிகளில் (ஹார்மோன் வந்து ஒட்டும் செல் புரதங்களில்) புராஜெக்ட் எடுத்தால் இந்தக் கேள்வி வந்தே தீரும். எலிக் கல்லீரலின் செல்களைப் பிரித்துக் கல்ச்சரில், அதாவது தட்டில் உயிரோடு வைப்பதா, கல்லீரலைப் பாராஃபின் மெழுகில் பதித்துச் சீவி, ஸ்லைடில் ஏற்பியோடு ஒட்டும் ஆன்டிபாடி போட்டுப் பார்ப்பதா? நான் ஸ்லைடைத்தான் எடுத்தேன். இன்றும் அதே கட்சிதான்.

கல்ச்சருக்கு செல்களைப் பிரித்தெடுக்கும் கொலாஜினேஸ் நொதி, இன்குபேட்டர், நிற்காத கரண்ட் வேண்டும். ஸ்லைடுக்குத் திசுவை மெல்லிசாகச் சீவும் மைக்ரோடோமும் நல்ல ஆன்டிபாடியும் வேண்டும். விலங்கு நெறிமுறைக் குழுவின் அனுமதி இரண்டுக்கும் வாங்கியாக வேண்டும். இதெல்லாம் தெரிந்ததுதான்.

முடிவு செய்வது வேறு விஷயம்: ஏற்பி எங்கே இருக்கிறது என்பது. கல்லீரலில் ரத்தம் ஓடுவது நம் வாய்க்கால் பாசனம் மாதிரிதான். போர்ட்டல் சிரை நுழையும் பக்கம் தலைமடை, மத்தியச் சிரைப் பக்கம் கடைமடை. ஆக்சிஜன் அழுத்தம் தலைமடையில் 60-65 மி.மீ. பாதரசம் என்றால் கடைமடையில் 30-35தான். கணையத்திலிருந்து வரும் இன்சுலினில் ஏறக்குறைய பாதியைக் கல்லீரல் முதல் சுற்றிலேயே பிடித்துக்கொள்கிறது. ஏற்பிகளும் சமமாகப் பரவியிருப்பதில்லை. எலியில் வாசோபிரஸினின் வி1ஏ ஏற்பியும், தைராய்டு ஹார்மோனின் பீட்டா-1 ஏற்பியும் கடைமடைச் செல்களில்தான் அதிகம். கொலாஜினேஸ் ஊற்றிக் கல்லீரலைக் கரைத்ததும் தலைமடைச் செல்லும் கடைமடைச் செல்லும் ஒரே குழாயில் கலந்துவிடும். செல் சவ்வைச் சிதைக்கும் டிஜிட்டோனின் கொண்டு இரண்டையும் தனித்தனியாக எடுக்கும் முறையும் இருக்கிறது. ஆனால் அது முதுகலை மாணவர் ஆறு மாதத்தில் கைவசப்படுத்தும் வேலை இல்லை.

இதைவிடப் பெரிய சிக்கல், கல்ச்சர்த் தட்டுக்கு வந்த செல் தன் ஏற்பிகளையே மாற்றிக்கொள்வது. வளர்ந்த ஆண் எலியின் கல்லீரலில் அட்ரினலின், தன் ஆல்ஃபா, பீட்டா ஏற்பிகளில் பெரும்பாலும் ஆல்ஃபா-1 வழியாகத்தான் கிளைக்கோஜனை (சேமித்த சர்க்கரையை) உடைக்கிறது. அதே செல்லைப் பிரித்துக் கல்ச்சரில் வைத்தால் சில மணி நேரத்திலேயே பீட்டா ஏற்பியின் பங்கு ஏறத் தொடங்கும். மறுநாள் அளந்துவிட்டு ‘எலிக் கல்லீரலில் பீட்டாவே பிரதானம்’ என்று எழுதினால், நாம் எழுதியது தட்டைப் பற்றி, கல்லீரலைப் பற்றி அல்ல. செல்லுக்கு ஊற்றும் ஊட்டத் திரவமான மீடியத்தில் வழக்கமாகச் சேர்க்கும் இன்சுலினும் சும்மா இருப்பதில்லை. அது தன் ஏற்பியையே செல்லின் மேற்பரப்பிலிருந்து உள்ளே இழுத்து, எண்ணிக்கையைக் குறைத்துவிடும்.

சரி, ஸ்லைடு மட்டும் யோக்கியமா? ஆன்டிபாடி ஒட்டிய இடத்தில் நிறம் வரவைக்கப் பயன்படும் பயோட்டினும் பெராக்ஸிடேஸும் கல்லீரலில் இயல்பிலேயே அதிகம். தடுக்காமல் விட்டால் ஏற்பி இல்லாத இடமும் பழுப்பேறி நிற்கும். செல் சவ்வில் இருக்கும் பல ஏற்பிகளுக்கு விற்கும் ஆன்டிபாடிகளை அப்படியே நம்பவும் கூடாது. அந்த ஏற்பியே இல்லாத திசுவில் ஒருமுறை போட்டுப் பார்த்துவிடுவது உத்தமம். கடைமடையை அடையாளம் காண குளூட்டமின் சிந்தடேஸ் என்ற நொதிக்கான ஆன்டிபாடி கைகொடுக்கும். மத்தியச் சிரையை ஒட்டிய ஒன்றிரண்டு வரிசைச் செல்கள் மட்டும் பளிச்சென்று தெரியும்.

இன்சுலின் கொடுத்த எத்தனையாவது நிமிடத்தில் ஏற்பி உள்ளே போகிறது, எப்போது திரும்புகிறது என்பதுதான் கேள்வி என்றால் கல்ச்சரை எடுங்கள். செத்த திசு அதைச் சொல்லாது. நான் கல்ச்சரில் அதிகம் கை நனைத்தவன் இல்லை, அங்கே பழகியவர்களைக் கேட்பது நல்லது. அப்புறம் ஒன்று, எந்த வழியானாலும் எலி ஆணா பெண்ணா என்று குறித்து வையுங்கள். புரோலாக்டின் ஏற்பி பெண் எலியின் கல்லீரலில்தான் மிக அதிகம். ஈஸ்ட்ரோஜன் கொடுத்தால் ஆணிலும் ஏறும்.