பணம் கட்டி வாங்கிய நீட் மாதிரித் தேர்வுகள்: பெற்றோருக்கு ஓர் எச்சரிக்கை

நீட் தேர்வுக்குத் தயாராகும் பிள்ளைகளின் பெற்றோர், குறிப்பாகத் தமிழ் வழியில் படித்த பிள்ளைகளின் பெற்றோர், மாதிரித் தேர்வுத் தொகுப்பு எதற்கும் பணம் கட்டுவதற்கு முன் இதைப் படிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். நான் அரசு மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் முதுகலை ஆசிரியராகப் பணியாற்றுகிறேன். பன்னிரண்டாம் வகுப்பு முடித்து, வீட்டிலிருந்தே படித்து மீண்டும் நீட் எழுத முடிவு செய்த என் அக்கா மகளுக்காக, 2025 ஜூலையில் எங்கள் மாவட்டத் தலைநகரில் இயங்கும் ஒரு பயிற்சி மையத்திடம் 8,500 ரூபாய் கட்டினோம். அது அக்கா தையல் கூலியில் சேர்த்த பணம். புதிய பாடத்திட்டம், தமிழிலும் ஆங்கிலத்திலும் வினாக்கள், விளக்கத்துடன் கூடிய விடைகள், தேர்வுதோறும் அகில இந்தியத் தரவரிசை என்று துண்டறிக்கையில் அச்சிட்டிருந்தார்கள். இந்த நான்கில் எதையும் அவர்கள் முழுமையாகத் தரவில்லை.

முதல் வினாத்தாளிலேயே 200 கேள்விகள் இருந்தன. ஒவ்வொரு பாடத்திலும் 'ஆ' பிரிவில் 15 கேள்விகள் கொடுத்துப் பத்துக்கு விடையளிக்கச் சொல்லும் முறை 2021 முதல் 2024 வரைதான் இருந்தது. அதைக் கைவிட்டு இயற்பியல் 45, வேதியியல் 45, உயிரியல் 90 என 180 கேள்விகளுக்கும் 180 நிமிடங்களில் விடையளிக்கும் பழைய முறைக்கே திரும்புவதாகத் தேசியத் தேர்வு முகமை 2025 ஜனவரியிலேயே அறிவித்துவிட்டது. பாடத்திட்டமும் அப்படித்தான். திண்ம நிலைமை, பரப்பு வேதியியல், உலோகவியல், பலபடிகள் ஆகியவற்றை தேசிய மருத்துவ ஆணையம் 2024 தேர்வு முதலே நீக்கிவிட்டது. உயிரியலில் செரித்தல், தாவரங்களில் கடத்துமுறைகள் போன்ற பாடங்களும் போய்விட்டன. புதிய பாடத்திட்டம் என்று விற்ற வினாத்தாள்களில் இவை அனைத்திலிருந்தும் கேள்விகள் வந்துகொண்டே இருந்தன. எவரோ பழைய தொகுப்பை எடுத்து அட்டையை மட்டும் மாற்றியிருக்கிறார்கள் என்பதே என் முடிவு.

இவற்றையாவது பொறுத்துக்கொள்ளலாம், விடைக்குறிப்பில் இருந்த பிழைகளைப் பொறுத்துக்கொள்ள முடியாது. ஆக்சிஜன், போரான், கார்பன் ஆகியவற்றின் ஈரணு மூலக்கூறுகளையும் நைட்ரிக் ஆக்சைடையும் கொடுத்து, டயாகாந்தத் தன்மை (எல்லா எலக்ட்ரான்களும் இணைந்திருப்பதால் காந்தத்தால் ஈர்க்கப்படாத தன்மை) உடையது எது என்று ஒரு கேள்வி கேட்டிருந்தார்கள். மூலக்கூறு ஆர்பிட்டால் கொள்கைப்படி எலக்ட்ரான்களை நிரப்பிப் பார்த்தால், போரானில் இணையில்லாத எலக்ட்ரான்கள் இரண்டு இருக்கும். கார்பனில் எல்லாம் இணைந்துவிடும். ஆகவே கார்பன் என்று அவள் சரியாகக் குறித்திருந்தாள். விடைக்குறிப்பு போரான் என்றது, விளக்கக் காணொளியில் பேசியவரும் காரணம் எதுவும் சொல்லாமல் அதையே வாசித்துவிட்டுப் போனார். மரபியலில் இருபண்புச் சோதனைக் கலப்பின் விகிதம் 1:1:1:1 என்பது பிளஸ் டூ மாணவர் அனைவருக்கும் தெரியும். அங்கே 9:3:3:1 என்று கொடுத்திருந்தார்கள். ஆங்கிலத்தில் தவறான கூற்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும் கேள்வி, தமிழில் சரியான கூற்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னது. உண்மைத் தேர்வில் இரு மொழி வடிவங்களும் முரண்பட்டால் ஆங்கில வடிவமே இறுதியானது என்பது விதி. ஆனால் தமிழ் வடிவத்தை மட்டும் படித்து விடையளிக்கும் பிள்ளைக்கு, தான் ஏன் மதிப்பெண் இழந்தோம் என்பதே தெரியப்போவதில்லை.

இந்தப் பிழைகள் அந்தப் பிள்ளையை என்ன செய்தன என்பதைத்தான் நான் முக்கியமாகச் சொல்ல விரும்புகிறேன். தனக்குச் சரியாகத் தெரிந்திருந்ததையே அவள் சந்தேகிக்கத் தொடங்கினாள். குறிப்பேட்டில் சரியாக எழுதி வைத்திருந்த வரிகளை அடித்துவிட்டு, விடைக்குறிப்பில் இருந்ததை எழுதிப் படித்திருந்தாள். ஒரு நாள் அந்தக் குறிப்பேட்டைக் காட்டி, "மாமா, பாடப்புத்தகம் தப்பா, இவங்க தப்பா?" என்று கேட்டபோதுதான் எல்லா வினாத்தாள்களையும் எடுத்து வரிவரியாகச் சரிபார்த்தேன். ஒரு கேள்வி என்று அலட்சியப்படுத்துவதற்கில்லை. 2024 நீட் இயற்பியலில் அணு பற்றிய ஒரே ஒரு கேள்விக்கு இரண்டு விடைகளை ஏற்றுக்கொண்டது உச்ச நீதிமன்றம் வரை போய், டெல்லி ஐஐடி நிபுணர்களின் கருத்தைப் பெற்று, ஒரே விடைதான் சரி என்று முடிவானதில் லட்சக்கணக்கானோர் ஐந்து மதிப்பெண் இழந்து தரவரிசையே மாறியது. அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 விழுக்காடு ஒதுக்கீட்டில் போட்டியிடும் எங்கள் பிள்ளைகளுக்கும் ஒவ்வொரு மதிப்பெண்ணும் இடத்தைத் தீர்மானிப்பதுதான்.

மதிப்பெண் கணக்கிலும் ஏமாற்றியிருந்தார்கள். தவறான விடைக்கு ஒரு மதிப்பெண் கழிப்பதே இல்லை. 120 சரி, 60 தவறு என்றால் நீட்டில் 420 மதிப்பெண்தான் கிடைக்கும்; இவர்களின் செயலி 480 என்று காட்டியது. வீட்டில் எல்லோரும் மகிழ்ந்தோம். தரவரிசையை எத்தனை பேரில் கணக்கிட்டார்கள் என்று கேட்டதற்குக் கடைசி வரை பதில் இல்லை. ஓஎம்ஆர் தாளும் கிடையாது, கைபேசியில் தொட்டுவிட்டுப் போவதோடு சரி. பேனாவால் 180 வட்டங்களை நிரப்ப எவ்வளவு நேரம் பிடிக்கும் என்பதை அந்தப் பிள்ளை அங்கே பழகவே முடியாது.

பிழைகளைப் பட்டியலிட்டு, பாடப்புத்தகப் பக்க எண்களுடன் அனுப்பினேன். "நிபுணர் குழு தயாரித்தது சார், மாற்ற முடியாது" என்றார் பொறுப்பாளர். வாட்ஸ்அப் குழுவில் மற்றப் பெற்றோருக்கும் தெரியட்டும் என்று அதே பட்டியலைப் போட்டதும் என்னை நீக்கிவிட்டார்கள். மீதித் தேர்வுகளுக்கான பணத்தையாவது திருப்பிக் கேட்டோம். கடவுச்சொல் கொடுத்த நாளிலேயே சேவை முடிந்துவிட்டது என்று மறுத்துவிட்டார்கள்.

எனவே, எந்த மையமாக இருந்தாலும் பணம் கட்டும் முன் ஒரு முழு வினாத்தாளையும் விடைக்குறிப்பையும் வாங்கி, பள்ளி ஆசிரியர் ஒருவரிடம் காட்டுங்கள். அதைக் கொடுக்க மறுப்பவர்களிடம் வாங்காதீர்கள். உண்மையில், முந்தைய ஆண்டுகளின் நீட் வினாத்தாள்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. அவற்றுக்குத் தேர்வு முகமையின் இறுதி விடைக்குறிப்பும் உண்டு. இன்றைய அமைப்புக்கு 2025 வினாத்தாளும், 180 கேள்விகள் கொண்ட 2019, 2020 வினாத்தாள்களும் பொருந்தும். பழையவற்றில் நீக்கப்பட்ட பாடங்களின் கேள்விகளை மட்டும் விட்டுவிட வேண்டும். ஓஎம்ஆர் தாளை நகலெடுத்துக் கொடுத்து, பிற்பகல் இரண்டு மணி முதல் ஐந்து மணி வரை உட்காரவைத்து எழுதச் சொல்லுங்கள். என் அக்கா மகள் இப்போது அப்படித்தான் எழுதுகிறாள். எழுதிய மறுநாள் முழுவதையும் தவறான விடைகளை என்சிஇஆர்டி புத்தகத்தில் தேடிப் படிப்பதற்கே ஒதுக்குகிறாள்.

அந்த மையத்தின் சுவரொட்டியில் சிரிக்கும் மாணவர்களில் ஒருவர் எங்கள் பள்ளியில் படித்தவர். அவர் அங்கே எழுதியது ஓர் இலவசத் தேர்வு மட்டுமே, படத்தைப் போட யாரும் அவரிடம் அனுமதி கேட்கவில்லை. தேர்ச்சி பெற்றவரின் எழுத்துப்பூர்வமான ஒப்புதல் இல்லாமல் பயிற்சி மையங்கள் அவரது படத்தை விளம்பரத்தில் பயன்படுத்தக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024 நவம்பரிலேயே வழிகாட்டு நெறிமுறை வெளியிட்டிருக்கிறது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் நாங்கள் புகார் பதிந்துவிட்டோம். தீர்வு கிடைக்காவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவோம். செலுத்திய தொகை ஐந்து லட்சத்துக்குள் இருந்தால் அங்கே கட்டணம் கிடையாது, பாதிப்பு நேர்ந்ததிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் புகார் கொடுக்கலாம். இதே போன்ற தொகுப்பை வாங்கி ஏமாந்தவர்கள் ரசீது, துண்டறிக்கை, செயலியின் திரைப்பிடிப்புகள், வாட்ஸ்அப் உரையாடல்கள் ஆகிய அனைத்தையும் அழிக்காமல் வைத்திருந்து, தாங்களும் புகார் பதிய வேண்டுகிறேன்.