ஏபியூவா, நீலமா? சிவில் ஏர் பேட்ரோல் சீருடை வாங்கும் முன்

சிவில் ஏர் பேட்ரோலில் பெரியவர்களாகச் சேர்கிறவர்கள் முதல் மாதமே கேட்பது இதைத்தான்: சீருடைக்கு எவ்வளவு ஆகும், எங்கே கிடைக்கும்? 1941 டிசம்பர் 1 அன்று தொடங்கி, 1948-இல் சட்டப்படி அமெரிக்க விமானப்படையின் துணை அமைப்பானது இது. காணாமல் போன விமானங்களைத் தேடுவது, இளைஞர்களுக்குப் பயிற்சி தருவது போன்றவை இதன் வேலை. ஆனாலும் நாம் தன்னார்வலர்கள். சம்பளம் கிடையாது, சந்தா நாம்தான் கட்டுகிறோம், சீருடையும் நம் கைக்காசில்தான். அதனால் எதை வாங்குவது என்பது வீட்டுச் செலவுக் கணக்கோடு சேர்ந்த விஷயம்.

முதலில் போலோ சட்டை. அடர்நீலத்தில் சின்னம் தைத்து வரும், சாம்பல் நிறக் கால்சட்டையோடு போட்டுக்கொள்ளலாம். சட்டையை அமைப்பின் அதிகாரபூர்வ விற்பனையாளரான வான்கார்டில் வாங்க வேண்டும், கால்சட்டை எந்தக் கடையிலும் கிடைக்கும். வகுப்பு எடுக்க, அலுவலக வேலை பார்க்க, வாராந்தரக் கூட்டத்துக்குப் போக இதுவே போதும். தைக்க வேண்டியதும் எதுவும் இல்லை. இதில் யோசிக்க ஒன்றுமில்லை, முதலில் இதை வாங்கிவிடுங்கள்.

விழா நாளுக்கு விமானப்படையின் நீலச் சீருடை, அல்லது வெள்ளைச் சட்டையும் சாம்பல் கால்சட்டையும் கொண்ட, நம் அமைப்புக்கென்றே உள்ள கார்ப்பரேட் சீருடை. ஆண்டில் சில முறைதான் இவற்றுக்கு வேலை வரும் என்பதால் அவசரமில்லை.

குழப்பம் வருவது களச் சீருடையில்தான். தேடுதல் பயிற்சி, கேடட்கள் எனப்படும் இளம் உறுப்பினர்களின் முகாம், விமான நிலையத்தில் வண்டி நிறுத்தும் வேலை எல்லாவற்றுக்கும் அதுதான். நான் சேர்ந்தபோது என் முன்னால் இரண்டு வழி இருந்தன. ஒன்று, விமானப்படை போட்டுக் கழித்த ஏபியூ, அதாவது சிறுசிறு கட்டங்களால் ஆன புலிக்கோடு போட்ட சாம்பல்பச்சைத் துணி. இன்னொன்று, விமானப்படையின் முந்தைய களச் சீருடையான பிடியூவின் வெட்டில் நீலத்தில் தைத்த கார்ப்பரேட் களச் சீருடை. நான் நீலத்தை எடுத்தேன். இன்று யார் கேட்டாலும் அதையே சொல்கிறேன்.

எடை, தாடி விஷயம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். விமானப்படை பாணிச் சீருடைக்கு உயரத்துக்கேற்ற எடை அட்டவணைக்குள் இருக்க வேண்டும், தாடி கூடாது. கார்ப்பரேட் சீருடைக்கு எடைக் கட்டுப்பாடு இல்லை, ஒழுங்காக வைத்த தாடிக்கும் தடையில்லை. கார்த்திகையில் சபரிமலைக்கு மாலை போடும் எனக்கு இது வசதிதான். ஆனால் நான் முடிவெடுத்தது இதற்காக அல்ல. அட்டவணைக்குள் எனக்கு இடம் இருந்தது, ஏபியூ வாங்க எந்தத் தடையும் இல்லை.

விலையும் காரணமில்லை. உண்மையில் பழைய ஏபியூதான் மலிவு. நான் பார்த்த நேரத்தில் இணைய ஏலத்தில் சட்டையும் கால்சட்டையுமாக ஒரு ஜோடி 30 டாலருக்குக் கிடைத்தது. புது நீல ஜோடிக்கு நான் ஏறக்குறைய 80 டாலர் கொடுத்தேன்.

நான் பார்த்தது ஒன்றைத்தான்: கிழிந்தால் அடுத்தது எங்கிருந்து வரும்?

ஏபியூ ஒரே வாடிக்கையாளருக்காக நெய்த துணி. விமானப்படை அதை 2011 நவம்பரில் எல்லோருக்கும் கட்டாயமாக்கியது. 2018-இல் ஓசிபி என்ற புதிய களச் சீருடைக்கு மாறத் தொடங்கி, 2021 ஏப்ரல் 1-ஓடு ஏபியூவை முழுக்க நிறுத்தியது. வாங்குகிற ஒரே பெரிய கை விலகியதும் புதிதாகத் தைப்பதற்கு யாருக்கும் காரணமில்லை. மாறிய வீரர்கள் பெட்டி பெட்டியாக விற்றும் கொடுத்தும் தீர்த்தார்கள், அதனால்தான் அந்த மலிவு விலை. அது ஊற்று இல்லை, தேங்கிய தண்ணீர். சாதாரண அளவுகள் முதலில் தீரும். எஞ்சுவது மிகப் பெரியதும் மிகச் சிறியதும்தான். அதிலும் ஏபியூ அளவு மார்பு, உயரம் என்று எண்ணில் போகிறது. 38 ஷார்ட் தேடுகிறவனுக்கு 42 லாங் எவ்வளவு மலிவாகக் கிடைத்து என்ன பயன்?

நமக்கு இது புதிதும் இல்லை. விமானப்படை பிடியூவை விட்டது 2011-இல். நம் அமைப்பில் ஏபியூவுக்கு அனுமதி வந்தது 2016-இல். பிடியூவுக்கு இறுதி விடை 2021 ஜூனில். அதாவது விமானப்படை கழித்துப் பத்தாண்டு வரை நம் ஆட்கள் பிடியூவைத் தேடித்தேடி ஒப்பேற்றினார்கள். கழித்த துணியை நம்பி நிற்கும் வரை இந்தச் சுழற்சி மாறாது.

நீலம் அப்படியில்லை. அந்த வெட்டில், அந்த நிறத்தில் போலீஸ்காரர்களும் ஆம்புலன்ஸ் ஊழியர்களும் காவலாளிகளும் நாடு முழுக்க வாங்குகிறார்கள். ப்ராப்பர், ராத்கோ என்று பல கம்பெனிகள் தைக்கின்றன. நாம் ஒரு ஜோடிகூட வாங்காவிட்டாலும் அந்த உற்பத்தி நிற்காது. சனிக்கிழமை முள்கம்பியில் மாட்டி முழங்கால் கிழிந்தால், அதே கால்சட்டையை அடுத்த வாரத்துக்குள் வாங்கிவிடலாம். அளவும் ஸ்மால், மீடியம் என்ற கணக்குதான். கால்சட்டை இடுப்பில் இருபக்கமும் இழுத்துவிடும் பட்டை இருப்பதால் கொஞ்சம் கூடினாலும் குறைந்தாலும் சமாளிக்கலாம்.

பழைய ஏபியூவில் இன்னொரு தொல்லையும் உண்டு. எங்கள் பிரிவின் அலமாரியில் இருந்த ஒன்றைப் பிரித்துப் பார்த்தேன். 'யு.எஸ். ஏர் ஃபோர்ஸ்' பட்டையைப் பிய்த்த இடம் வெளுக்காமல் தனிச் செவ்வகமாகத் தெரிந்தது, சுற்றிலும் வரிசையாக ஊசித் துளைகள். நம் நீலப் பட்டை அதை மறைத்துவிடும், சரி. ஆனால் அதற்கு மேலே முன்னாள் சொந்தக்காரர் தைத்திருந்த பேட்ஜின் தடம்? அந்த இடத்தில் தைக்க புதிதாகச் சேர்ந்தவனிடம் எதுவும் இருக்காது. சட்டை ஒருவரிடமும் கால்சட்டை இன்னொருவரிடமும் வாங்கினால் இரண்டின் வெளுப்பும் ஒத்துப்போகாது. டிரை கிளீனர் கடையில் பட்டைக்கு 5 டாலர் வீதம் கொடுத்துத் தைத்த பிறகும் அது இரவல் சட்டையாகவே தெரியும்.

துணியின் கனமும் உண்டு. முதலில் வந்த ஏபியூ தடித்த துணி, வெயில் பிரதேசத்தில் வேலை பார்த்த வீரர்களே புலம்பியதால்தான் பிறகு மெல்லிய வகை வந்தது. பழையது வாங்கினால் இரண்டில் எது கைக்கு வரும் என்பது அதிர்ஷ்டம். டெக்சாஸ் ஆகஸ்டில் தார்த்தளத்தில் நிற்கிறவருக்கு இது சின்ன விஷயமில்லை.

ஏபியூ பக்கம் ஒரு வலுவான நியாயம் இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். கேடட்கள் பெரும்பாலும் விமானப்படை பாணியில்தான் உடுத்துகிறார்கள். பிள்ளைகள் போட்டிருப்பதையே தானும் போட்டு அவர்கள் முன் நின்று, காலர் எப்படி இருக்க வேண்டும் என்று காட்டுவதில் ஒரு மரியாதை இருக்கிறது. கேடட்களோடு முழுநேரமும் இருக்கிற அதிகாரி அந்தக் காரணத்துக்காக ஏபியூ எடுத்தால் நான் மறுத்துப் பேச மாட்டேன். பெற்றோருக்கும் என் வாதம் உதவாது. வளர்கிற பிள்ளைக்கு, பழைய சீருடைகளைச் சேர்த்து வைக்கும் பிரிவின் அலமாரிதான் முதல் கடை. அளவு பத்தாமல் போனதும் மறக்காமல் திருப்பிக் கொடுத்துவிடுங்கள், அடுத்த பிள்ளைக்கு ஆகும்.

விமானத்தில் பறக்கும் குழுவின் ஃப்ளைட் சூட் பற்றி நான் எதுவும் சொல்வதற்கில்லை. என் வேலை தரையில்தான், அதைப் போட்டுப் பழகியதில்லை. பெண்களுக்கான அளவுகளில் நீலம் எப்படிப் பொருந்துகிறது என்பதையும் உங்கள் பிரிவில் போடுகிறவரிடம் கேட்பதே நல்லது.

வரி விஷயம் பலர் கவனிப்பதில்லை. இது பதிவு பெற்ற தொண்டு அமைப்பு. வேலைக்கு அணிந்தே ஆக வேண்டிய, அன்றாடம் வெளியே போட முடியாத சீருடைக்கு ஆன செலவையும் பராமரிப்பையும் நன்கொடைக் கணக்கில் கழிக்கலாம், கழிவுகளைத் தனித்தனியாகப் பட்டியலிட்டுத் தாக்கல் செய்கிறவராக இருந்தால். பெயர்ப்பட்டை தைத்த நீலச் சட்டை இதில் வரும், சாம்பல் கால்சட்டை வராது. ரசீதை எடுத்து வையுங்கள்.

நீலம் வாங்குவதானால் முழுப் பருத்தி வேண்டாம், சீக்கிரம் வெளுத்து முழங்கால் தனி நிறமாகிவிடும். பாலியெஸ்டர் கலந்ததாகப் பாருங்கள். வந்ததும் பட்டை தைக்கக் கொடுக்காதீர்கள். இரண்டு முறை துவைத்து, துணி சுருங்குவது முழுக்கச் சுருங்கட்டும். முன்னாலேயே தைத்தால் துணி சுருங்கி, பட்டை மேடாகப் புடைத்துக்கொண்டு நிற்கும், மறுபடி பிரித்துத் தைக்க இன்னொரு கூலி.