அம்மா படித்த நூறு அட்டைகள்

அமெரிக்காவில், நியூ ஜெர்சியின் எடிசனில் அண்ணன் வீட்டில் இருக்கும் அம்மா, டிசம்பர் தொடக்கத்தில் பெங்களூர் அல்சூருக்கு வந்து இரண்டு மாதம் எங்களோடு இருந்தார். கிரீன் கார்டு உள்ளவர்கள் ஆறு மாதத்துக்கு மேல் வெளியே தங்கினால் குடியுரிமைக்குச் சிக்கல் வரலாம் என்பதால் அவ்வளவுதான் இருக்க முடிந்தது. போன ஆகஸ்டில் குடியுரிமைக்கான என்-400 விண்ணப்பம் போட்டாயிற்று. நேர்காணல் வரும் மார்ச்சில். அதில் அமெரிக்க வரலாறு, அரசாங்கம் பற்றிய தேர்வும் உண்டு. அதற்கு நாங்கள் படித்தது அமெரிக்கக் குடியுரிமைத் துறையான யூ.எஸ்.சி.ஐ.எஸ். இலவசமாகத் தரும் கேள்வி அட்டைகளை வைத்து.

அட்டைகளை எடுக்குமுன் விண்ணப்பத் தேதியைப் பாருங்கள். 2025 அக்டோபர் 20 முதல் விண்ணப்பித்தவர்களுக்குப் புதிய தேர்வு: 128 கேள்விகளில் 20 வரை கேட்பார்கள், 12 சரியாக வேண்டும். அதற்கு முன்பு போட்டவர்களுக்குப் பழைய 2008 தேர்வுதான்: நூறில் பத்து, ஆறு சரியானால் தேர்ச்சி. அம்மாவை முதலில் சேர்த்த ஆன்லைன் வகுப்பில் தேதியே கேட்காமல் 128 கேள்விகளை உருப்போட வைத்தார்கள். இரண்டு வாரம், 6,000 ரூபாய். விஷயம் தெரிந்த அன்று அம்மா ராத்திரி சாப்பிடவில்லை. 61 வயதில் ஒவ்வொரு வரியும் எவ்வளவு பாடுபட்டு மனதில் ஏறியது என்று பக்கத்தில் இருந்து பார்த்தவள் நான்.

மறுநாளே ஜெராக்ஸ் கடையில் நூறு அட்டைகளையும் தடித்த தாளில் எடுத்தேன். ஒரு தாளில் நான்கு அட்டை அடித்தால், பின்பக்கத்துக்குத் தாளைத் திருப்பும் திசையைக் கவனியுங்கள். எங்கள் முதல் பிரதியில் ஒரு கேள்விக்குப் பின்னால் இன்னொரு கேள்வியின் பதில் வந்துவிட்டது.

அட்டையில் எனக்குப் பிடித்தது, கையில் எடுத்துக்கொண்டு நடக்கலாம். காலையில் ஏரிக்கரையில் திருவள்ளுவர் சிலை வரை நடப்போம். நான் ஆங்கிலத்தில் கேட்பேன், அம்மா தன் கணக்கில் பிடித்துக்கொள்வார். அரசியலமைப்புக்கு எத்தனை திருத்தங்கள்? நட்சத்திரம் எத்தனையோ அத்தனை, 27. உச்ச நீதிமன்ற நீதிபதிகள்? நவக்கிரகம், ஒன்பது. செனட்டரின் பதவிக்காலம் எத்தனை வருடம்? ஆறுமுகம். ஓட்டுப் போடும் வயது? ஆடிப் பதினெட்டு. பிரதிநிதிகள் சபை உறுப்பினர் எண்ணிக்கை 435 மட்டும் எதிலும் ஒட்டவில்லை, அதை வெறுமனே மனப்பாடம் செய்தார்.

குறை என்றால், ஏற்கப்படும் பதில்கள் எல்லாவற்றையும் பின்பக்கம் அடுக்கியிருக்கிறார்கள். பல கேள்விகளுக்கு ஒன்று சொன்னாலே போதும். அம்மா எல்லாவற்றையும் சொல்லப் பார்த்துத் திணறினார். சுலபமான ஒன்றைச் சிவப்புப் பேனாவில் வட்டமிட்டுக் கொடுத்த பிறகுதான் சரியானது. பதவியில் இருப்பவர்களின் பெயரை நாமேதான் தேடி எழுத வேண்டும். பென்சிலில் எழுதுங்கள். அம்மா இங்கே இருந்தபோதே, ஜனவரி 20 அன்று, நியூ ஜெர்சியில் பில் மர்ஃபிக்குப் பதில் மிக்கி ஷெரில் ஆளுநர் ஆகிவிட்டார்.

அப்புறம், இந்த அட்டைகளை மட்டும் நம்பக் கூடாது. பேசும் ஆங்கிலத்தை அதிகாரி எடைபோடுவது என்-400 பற்றிய கேள்விகளில்தான். புரியாவிட்டால் திரும்பச் சொல்லச் சொல்லிக் கேட்கலாம், அந்த ஒரு வாக்கியத்தை முதலில் பழக்குங்கள். வாசிக்க மூன்று வாக்கியம், எழுத மூன்று வாக்கியம், ஒவ்வொன்றிலும் ஒன்று சரியாக வந்தால் போதும். அதற்கான சொற்பட்டியலும் இலவசம். அம்மாவுக்கு ‘பிப்ரவரி’யின் நடுவில் வரும் ஆர் எப்போதும் விட்டுப்போகும். தினசரிக் காலண்டரில் கிழித்த தாள்களைச் சேர்த்துவைத்து, பின்பக்கம் அந்த ஒரே சொல்லை எழுதிப் பழகினார். ஊருக்குக் கிளம்பும்போது தாள் கட்டு ஒரு விரற்கடை உயரம் இருந்தது.

ஓர் அட்டையில் மட்டும் நின்றுவிட்டோம். அமெரிக்கக் குடிமக்களுக்கு மட்டுமே உள்ள பொறுப்பு ஒன்றைச் சொல்ல வேண்டும். “ஓட்டு” என்று சொல்லிவிட்டு, “அப்போ இங்க என் ஓட்டு போயிடும், இல்லடி?” என்றார். ஆமாம் என்றேன். இரட்டைக் குடியுரிமை இந்தியாவில் கிடையாது. உறுதிமொழி எடுத்த பிறகு இந்தியப் பாஸ்போர்ட்டை ஒப்படைக்க வேண்டும், வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்தியர்களுக்கான ஓ.சி.ஐ. அட்டை வாங்கினாலும் இங்கே ஓட்டுரிமை வராது. அன்று ஏரியைச் சுற்றி முடிக்கும் வரை அடுத்த அட்டையை நான் எடுக்கவில்லை.

ஐந்துக்கு நான்கு கொடுப்பேன். அட்டைக் கட்டை அம்மா கொண்டுபோய்விட்டார், ஒரு நகல் என்னிடம் இருக்கிறது. தினமும் இங்கே சாயங்காலம் ஏழு மணிக்கு, அங்கே காலை எட்டரைக்கு, வாட்ஸ்அப்பில் பத்து கேள்வி கேட்கிறேன். நேற்று ஒன்பது சரி.