சுவை சேர்க்காத வே ஐசோலேட்: ஸ்லீவுக்குப் பிறகு வாங்கத் தக்கதா?

உடல் எடையைக் குறைக்க இரைப்பையில் முக்கால் பங்கை வெட்டி எடுத்துவிடும் ஸ்லீவ் சிகிச்சைக்குப் பிறகு, முதல் சில வாரங்களில் ஒரு வேளைக்கு அரை டம்ளர் இறங்குவதே பெரிய காரியம். அந்த அரை டம்ளர்களுக்குள் நாளொன்றுக்குக் குறைந்தது 60 கிராம் புரதம் போக வேண்டும். சிலருக்கு டயட்டீஷியன் 80 வரை எழுதித் தருவார். பருப்புத் தண்ணீரை நம்பி இந்தக் கணக்கை முடிக்க முடியாது. தெளிந்த பருப்புத் தண்ணீரில் புரதம் பெயருக்குத்தான் இருக்கும். சத்துமாவுக் கஞ்சியும் அப்படியே, பெரும்பகுதி மாவுச்சத்து. ஆக, முதல் மூன்று மாதத்துக்குப் புரதப் பவுடர் டப்பா வாங்காமல் தப்ப முடியாது. எங்கள் தேர்வு, சுவையோ இனிப்போ சேர்க்காத வே ஐசோலேட்.

ஏன் ஐசோலேட்? சீஸ் செய்யும்போது பிரியும் தண்ணீரிலிருந்து எடுக்கும் புரதம்தான் வே. அதை ஓரளவு வடித்தால் கான்சன்ட்ரேட். நூற்றுக்கு 80 கிராம் வரை புரதம் இருக்கும், பால் சர்க்கரையான லாக்டோஸும் கூடவே வரும். மேலும் வடித்தால் ஐசோலேட். நூற்றுக்கு 90 கிராம் அளவுக்குப் புரதம், லாக்டோஸ் மிகச் சொற்பம். அறுவைக்கு முன் பால் நன்றாகச் செரித்தவர்களுக்கும், குறிப்பாக இரைப்பை பைபாஸ் (இரைப்பையைச் சிறு பையாக்கி நேரே குடலோடு இணைக்கும் அறுவை) செய்துகொண்டவர்களுக்கு, பிறகு லாக்டோஸ் ஒத்துக்கொள்ளாமல் போவதுண்டு. உப்புசம், கடமுடா, வயிற்றுப்போக்கு வந்தால் புரதத்தின் மேல் பழி போடும் முன் டப்பா எந்த ரகம் என்று பாருங்கள். விலை வித்தியாசம் உறுத்தத்தான் செய்யும். ஆனால் கிலோ விலையை ஒப்பிடாமல், மொத்தப் புரத கிராமால் விலையை வகுத்துப் பார்த்தால் இடைவெளி சற்றுக் குறையும்.

மெடிக்கல் ஷாப்பில் முன்வரிசையில் அடுக்கியிருக்கும் சாக்லேட், வெனிலா டப்பாக்களில் சிலவற்றில் புரதத்தைவிட மாவுச்சத்து அதிகம். பின்பக்கப் பொருள் பட்டியலில் மால்டோடெக்ஸ்ட்ரின் (மாவுச்சத்துப் பொடி), சர்க்கரை என்று முதல் இரண்டு இடத்தில் இருந்தால் வைத்துவிட்டு நகருங்கள். பைபாஸ்காரர்கள் அதைக் குடித்தால் பத்து நிமிடத்திலிருந்து அரை மணிக்குள் வியர்வை, படபடப்பு, வயிற்றைப் புரட்டல் எல்லாம் வரலாம். இதைத்தான் டம்பிங் என்கிறார்கள். ‘சர்க்கரை இல்லை’ என்ற டப்பாவிலும் மால்டிட்டால், சார்பிட்டால் போன்ற மாற்று இனிப்புகள் இருந்தால் வாயு பிடுங்கி எடுக்கும். கிளைசின், டாரின், கிரியாட்டின் சேர்த்திருப்பதும் நல்ல அடையாளம் இல்லை. புரதத்தை நைட்ரஜனை வைத்தே கணக்கிடும் சோதனையில், மலிவான இவை நைட்ரஜன் அளவைக் கூட்டிக் காட்டி, புரதம் அதிகம் என்று எழுத உதவும். கொலாஜன் பவுடர் வேறு கதை: டிரிப்டோஃபேன் என்ற அமினோ அமிலமே அதில் கிடையாது, அதனால் 60 கிராம் கணக்கில் அதைச் சேர்க்கக் கூடாது. உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.யின் 14 இலக்க உரிம எண் இல்லாத டப்பாவை யார் சொன்னாலும் வாங்க வேண்டாம்.

இனி கலக்கும் விஷயம். முக்கால்வாசிப் புகார்கள் இங்கேதான் பிறக்கின்றன.

பவுடரின் மேல் சூடான திரவத்தை ஊற்றினால் முட்டை வெந்தது போல் இழை இழையாகத் திரளும். வேயின் புரதம் 70 டிகிரிக்கு மேல் உருக்குலையும், அதுதான் காரணம். சத்து போய்விடாது, ஆனால் அந்தத் திரள் தொண்டையில் இறங்காது. அரை ஸ்கூப்பை, அதாவது சுமார் 15 கிராமை, முதலில் மூன்று மேசைக்கரண்டி ஆறின தண்ணீரில் பசை போல் குழையுங்கள். பிறகு விரல் பொறுக்கும் சூட்டில் இருக்கும் தெளிவு ரசத்திலோ, கோழி சூப்பிலோ, வடித்த காய்கறித் தண்ணீரிலோ ஊற்றிக் கலக்குங்கள். மிளகு, சீரகம், உப்பு போட்டால் பவுடர் மணம் அடங்கிவிடும். மோர் இதைவிட நல்ல ஜோடி. புளிப்பில் வே திரியாது, பெருங்காயமும் கறிவேப்பிலையும் பால் வாடையை மறைத்துவிடும். இனிப்புச் சுவை டப்பா இந்த இரண்டுக்கும் ஆகாது. சுவை சேர்க்காததை நாங்கள் தேர்ந்தெடுக்க இதுவே முதல் காரணம்.

ஷேக்கரில் போட்டுக் குலுக்காதீர்கள். ஐசோலேட் ஏராளமாக நுரைக்கும். சின்ன இரைப்பைக்குள் அந்தக் காற்று போனால் நெஞ்சு அடைத்து ஏப்பமும் வலியும் வரும். மத்தால் மெதுவாகக் கடைந்து, பத்து நிமிடம் வைத்து, நுரை அடங்கிய பின் குடிக்க வேண்டும். 150 மில்லியை அரை மணி நேரம் மிடறு மிடறாக. ஸ்ட்ராவும் வேண்டாம், அதிலும் காற்றுதான் போகும். கலக்கியதை நம் ஊர் வெயிலில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே வைக்கக் கூடாது.

டப்பாவோடு வரும் ஸ்கூப்பை நம்ப வேண்டாம். தலை தட்டிப் போட்டால் ஒரு எடை, அழுத்தி அள்ளினால் இன்னொரு எடை. சமையலறைத் தராசில் ஒருமுறை நிறுத்துப் பார்த்துவிட்டால் போதும்.

மிருது உணவு தொடங்கியதும் பவுடரைக் குறைக்கலாம். 15 கிராம் வீதம் இருமுறை போட்டால் ஏறக்குறைய 26 கிராம் புரதம். இரண்டு முட்டை 12, குழைவாக வேகவைத்த மீன் 60 கிராமில் 13 அளவுக்கு, பனீர் 50 கிராமில் 9. இவையே 60 ஆகிவிடும். இட்லி ஒன்றுக்கு இரண்டு கிராம்தான். அதை முதலில் சாப்பிட்டால் இடம் அடைத்துக்கொள்ளும். தட்டில் புரதத்தை முதலில் முடிப்பது, சாப்பாட்டோடு தண்ணீர் குடிக்காமல் அரை மணி கழித்துக் குடிப்பது, இரண்டையும் விடக் கூடாது.

இந்த டப்பா செய்யாத வேலைகளும் உண்டு. வைட்டமின் மாத்திரைக்கு இது மாற்று இல்லை. மூன்றாம் மாத வாக்கில் முடி கொட்டுவதைப் பவுடர் நிறுத்திவிடாது. அறுவையும் வேகமான எடையிழப்பும் கொடுத்த அதிர்ச்சியில் கொட்டும் முடி அது, பெரும்பாலும் தானாக வளரும். (முடிக்கென்று விற்கும் பயோட்டின் வைட்டமின் மிட்டாய் வாங்குகிற காசுக்கு, உடலின் இரும்பு இருப்பைக் காட்டும் ஃபெரிட்டின் பரிசோதனை செய்துகொள்ளலாம்.) இரும்பு மாத்திரைக்கும் இந்த மோருக்கும் இரண்டு மணி நேர இடைவெளி வேண்டும், தைராய்டு மாத்திரைக்கு நான்கு. சிறுநீரகக் கோளாறு இருப்பவர்கள் மருத்துவரிடம் கேட்காமல் டப்பாவைத் திறக்கவே கூடாது. எதைக் குடித்தாலும் நாள்கணக்கில் வாந்தி என்றால் பிராண்டை மாற்றிப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம், அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். தொடர் வாந்தியில் தயமின் (வைட்டமின் பி1) வற்றினால் நரம்பையும் மூளையையும் பாதிக்கும்.

கடைசியாக ஒன்று: அறுவைக்கு முன்பே இரண்டு கிலோ வாங்கி அடுக்காதீர்கள். முன்பு பிடித்த வாசனை பின்னால் குமட்டும், பலருக்கு நாக்கே மாறிவிடும். ஒருவேளைப் பாக்கெட்டுகள் நாலைந்து வாங்கி, அறுவைக்குப் பின் ருசி பார்த்துவிட்டு டப்பாவுக்குப் போகலாம்.