மாரத்தானா, 200 கிலோமீட்டர் சைக்கிளா, திறந்த தண்ணி நீச்சலா: நாப்பத்தஞ்சுக்கு மேல எது சரிப்படும்?

யாருக்கும் நிரூபிச்சுக் காட்ட இல்லாம, பரிசு மெடல்னு எதுக்கும் இல்லாம, சும்மா என் சந்தோஷத்துக்காக உடம்பை வெச்சு பெருசா ஒண்ணு செஞ்சு பாத்துடணும்னு ஆசை வந்தப்போ என் முன்னாடி மூணு இருந்துச்சு. ஃபுல் மாரத்தான், அதாவது 42.195 கிலோமீட்டர் ஓட்டம். 200 கிலோமீட்டர் சைக்கிள் ப்ரெவே, அதாவது குறிச்ச நேரத்துக்குள்ள ஓட்டி முடிக்கற நெடுந்தூர சைக்கிள் பயணம். ஏரியிலயோ கடல்லயோ சில கிலோமீட்டர் நீச்சல். ஓட்டத்துல ஹாஃப் மாரத்தான் வரைக்கும் போயிருக்கேன், அப்புறம் சைக்கிள் பக்கம் வந்து 200ஐ முடிச்சேன். அதனால இதுல நடுநிலை எதிர்பாக்க வேண்டாம், நான் சைக்கிள் கட்சி.

எல்லாருக்கும் தெரிஞ்ச விஷயத்தை சீக்கிரம் சொல்லி முடிச்சுடறேன். ஓட்டத்துக்கு நல்ல ஷூ போதும், வாசல்ல இறங்கினா பயிற்சி ஆரம்பம். சைக்கிளுக்கு செலவு ஜாஸ்தி, ரோட்டுல வண்டிங்களுக்கு நடுவுல போகணும்ங்கற பயமும் இருக்கு, அது நியாயமான பயம்தான். நீச்சலுக்கு தண்ணி வேணும், கூட ஆள் வேணும், தனியா திறந்த தண்ணில இறங்கவே கூடாது.

ஆனா இந்த வயசுல முடிவு பண்ண வேண்டியது இதையெல்லாம் வெச்சு இல்லன்னுதான் எனக்குத் தோணுது. ஒரு நீளமான பயிற்சி முடிச்ச மறுநாள் காலைல உடம்பு எப்படி இருக்குங்கறதுதான் கேள்வியே. இருபத்தஞ்சு வயசுல ஞாயித்துக்கிழமை ஓடிட்டு திங்கக்கிழமை படி ஏறினா ஒண்ணும் தெரியாது. இப்போ ஆபீஸ் இருக்கு, பசங்க பரீட்சை இருக்கு, அப்பா அம்மாவை ஆஸ்பத்திரிக்கு கூட்டிட்டுப் போற வேலை இருக்கு, இதுக்கு நடுவுல மூணு நாள் காலை இழுத்துக்கிட்டு நடந்தா அந்த ஆசை ரெண்டு மாசத்துல வாடிடும்.

ஓடும்போது ஒவ்வொரு அடிக்கும் நம்ம எடையைப் போல ரெண்டு ரெண்டரை மடங்கு விசையை கால் வாங்குது. அதை வாங்கறப்போ தொடைத் தசை சுருங்கற வேலை செய்யல, நீண்டுகிட்டே சுமையைப் பிடிச்சு நிறுத்துது. தசைக்குள்ள நுணுக்கமான சேதம் அதிகமா வர்றது இந்த மாதிரி வேலைலதான், ஓடி முடிச்ச அன்னிக்கு விட அடுத்த நாளும் அதுக்கடுத்த நாளும் வலி கூடறது இதனாலதான். இறக்கத்துல ஓடினவங்களுக்கு இது நல்லாவே தெரியும். பெடல் மிதிக்கறப்போ தசை சுருங்கிக்கிட்டே தள்ளுது, தரையோட மோதலே இல்ல. அதனால சைக்கிள்ல களைப்பு வரும், நல்லாவே வரும், ஆனா அந்த முறிச்சுப் போட்ட வலி பெரும்பாலும் வராது. நீளமா ஓட்டிட்டு வந்த மறுநாள் நான் பசியோட எழுந்திருக்கேன், படிக்கட்டுல கைப்பிடியைத் தேடினதில்ல.

இன்னொண்ணு, தசைநாண் விஷயம், அதாவது தசையை எலும்போட சேத்துப் பிடிக்கற நாண். நாப்பதுக்கு மேல ஓட ஆரம்பிக்கற பலபேர் மாட்டிக்கறது இங்கதான். இதயமும் மூச்சும் சில வாரத்துலயே பழகிடுது, இன்னும் அஞ்சு கிலோமீட்டர் போலாமேன்னு மனசு சொல்லுது. ஆனா குதிகாலுக்கு மேல இருக்கற அந்த தடிச்ச நாண் பலப்பட மாசக்கணக்குல ஆகும், ரத்த ஓட்டமும் அதுக்கு கம்மி. மூச்சு வாங்காம ஓடறோம்ங்கற தைரியத்துல தூரத்தைக் கூட்டிடுவோம், நாண் பின்தங்கிடும். மாரத்தான் பயிற்சின்னா பொதுவா 16 வாரத்துல இருந்து 20 வாரம், அதுல நீளமான ஓட்டம் 30 கிலோமீட்டர் வரைக்கும் போகும். நடுவுல காய்ச்சல், ஊருக்குப் போறதுன்னு ரெண்டு மூணு வாரம் விட்டுப்போச்சுன்னா திரும்பவும் பாத்துப் பாத்துதான் தூரத்தை ஏத்தணும். சைக்கிள்ல அப்படி விட்டுப்போனா மூச்சு கொஞ்சம் திணறும், வேகம் குறையும், அவ்வளவுதான். விட்ட இடத்துக்குப் பக்கத்துலயே தொடரலாம், அது எனக்குப் பெரிய ஆறுதல்.

ப்ரெவேயோட அமைப்பே ஜாலிக்காக வர்றவங்களுக்குன்னு செஞ்ச மாதிரி இருக்கும். 200 கிலோமீட்டருக்கு 13 மணி 30 நிமிஷம், சாப்பாடு, பங்க்சர், ரெஸ்ட் எல்லாம் அதுக்குள்ள. கணக்குப் போட்டா மணிக்கு 15 கிலோமீட்டருக்கும் சத்தே கம்மி. நடுவுல கண்ட்ரோல்னு சில இடம், அங்க அங்க நேரத்துக்குள்ள வந்தேன்னு கார்டுல பதிவு பண்ணணும். யாரு முதல்ல வந்தாங்கன்னு ராங்க் கிடையாது, நேரத்துக்குள்ள முடிச்சா எல்லாரும் ஒண்ணுதான். ருசி கண்டுட்டா 300க்கு 20 மணி, 400க்கு 27, 600க்கு 40ன்னு போய்க்கிட்டே இருக்கும், உச்சில 1891ல போட்டியா ஆரம்பிச்ச பாரிஸ்-பிரெஸ்ட்-பாரிஸ், இப்போ சுமார் 1200 கிலோமீட்டர், 90 மணி, நாலு வருஷத்துக்கு ஒருக்கா.

வயசாச்சே இனிமே என்ன முன்னேற்றம்னு நினைக்கறவங்களுக்கு ராபர்ட் மார்ஷாந்தைச் சொல்லணும். பிரான்ஸ்காரர், 2012ல 100 வயசுல ஒரு மணி நேரத்துல 24.25 கிலோமீட்டர் ஓட்டினார், 2014ல 102 வயசுல அதையே 26.927 ஆக்கினார். நூறுக்கு மேலயும் பயிற்சிக்கு உடம்பு பதில் சொல்லுதுன்னா நாப்பத்தஞ்சுல ஏன் சொல்லாது?

சைக்கிள்ல தொந்தரவே இல்லன்னு சொல்லமாட்டேன். உள்ளங்கை மரத்துப்போகும், கழுத்து பிடிக்கும், உக்கார்ற இடம் எரியும். பாதிப் பிரச்சனை சீட் உயரத்துல இருக்கு. ஓரமா சுவத்தைப் பிடிச்சுக்கிட்டு சீட்ல உக்காந்து, பெடல் அடில இருக்கறப்போ குதிகாலை அது மேல வெச்சுப் பாருங்க, இடுப்பு சாயாம முழங்கால் அப்படியே நேரா நீளணும். முன்பாதத்தை வெச்சு ஓட்டறப்போ தேவையான லேசான மடக்கு தானா வந்துடும். முட்டிக்கு முன்னாடி வலிச்சா பெரும்பாலும் சீட் தாழ்வு, பின்னாடி இழுத்தா உயரம். அரை இஞ்ச் மாத்தினாலே 100 கிலோமீட்டருக்கு அப்புறம் வித்தியாசம் தெரியும். பேட் வெச்ச ஷார்ட்ஸ் போட்டா உள்ளாடை வேண்டாம், தையல் உரசும்.

ஓட்டத்துக்கு ஒரு விஷயத்துல முழு மார்க் குடுத்தே ஆகணும், எலும்பு. தரையோட மோதற அதே விசைதான் எலும்பைக் கெட்டியாக்குது, சைக்கிள்லயும் நீச்சல்லயும் அது கிடைக்காது. இதை நான் லேசா எடுத்துக்கல, வாரத்துல ரெண்டு நாள் ஸ்குவாட், எடை தூக்கறதுன்னு சேத்துக்கிட்டேன். வெறும் சைக்கிள் மட்டும்னு போறவங்க இதை விடக்கூடாது.

நீச்சல் பத்தி என் அனுபவம் குளத்தோட நின்னுடுச்சு. மூட்டுக்கு சுமையே இல்லங்கறது அதோட பெரிய பலம், முட்டி தேஞ்சவங்களுக்கு முதல் சாய்ஸா அதைத்தான் சொல்வேன். ஆனா வயசுக்கு வந்தப்புறம் கத்துக்கிட்டவங்களுக்கு மூச்சு எடுக்கற முறை படிய ரொம்ப நாள் ஆகுது, தோள்பட்டையும் கவனமா பாத்துக்கணும். கடல்ல அலைக்கு நடுவுல எப்படி இருக்கும்னு நீந்தினவங்கதான் சொல்லணும்.

ஏற்கனவே ரெகுலரா ஓடறவங்க, முட்டி, குதிகால்ல பிரச்சனை இல்லாதவங்க, தாராளமா மாரத்தானுக்கே போங்க, ஒரு வருஷம் டைம் குடுத்துக்கோங்க. பூஜ்யத்துல இருந்து ஆரம்பிக்கறவங்களுக்கு, நேரம் ஒழுங்கா கிடைக்காதவங்களுக்கு 200தான். எதை எடுத்தாலும் பிரஷர், சுகர் இருந்தாலோ, குடும்பத்துல சின்ன வயசு ஹார்ட் அட்டாக் இருந்தாலோ, முதல்ல டாக்டரைப் பாத்துட்டு ஆரம்பிங்க. நான் அடுத்து 300க்குப் பேர் குடுக்கப் போறேன், 20 மணி நேரம்னா ராத்திரியும் ஓட்டணும், அதனால இப்போ லைட் தேடிக்கிட்டு இருக்கேன்.