மேவெதரா, பாக்கியாவா?
குத்துச்சண்டை வீரர்கள் மேவெதரும் பாக்கியாவும் மறுபடி மோதப்போகிறார்கள் என்ற பேச்சு எழுந்தாலே இருவரில் யார் பெரியவர் என்ற பழைய வாக்குவாதமும் கூடவே வந்துவிடும். மேவெதர் 50-0, அதாவது ஐம்பது போட்டி, ஐம்பதிலும் வெற்றி. 2015 மே மாதம் லாஸ் வேகாஸில், வலது கையால் நேராக ஒன்று வைத்துவிட்டு விலகி, பாக்கியாவ் நெருங்கினால் கட்டிப்பிடித்து, மூன்று நடுவர்களிடமும் புள்ளியில் ஜெயித்தார், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. சரி, ஆனால் அந்த ஐம்பதாவது வெற்றி? எதிரே நின்ற கலப்புத் தற்காப்புக் கலை (MMA) வீரர் மெக்ரிகருக்கு அதுதான் முதல் தொழில்முறை குத்துச்சண்டை.

பாக்கியாவ் 2012இல் மெக்சிகோ வீரர் மார்க்கேஸின் ஒரே குத்தில் குப்புற விழுந்தவர்தான். அப்புறம் 2019இல், 40 வயதில், அதுவரை தோற்காத அமெரிக்க வீரர் கீத் தர்மனை முதல் சுற்றிலேயே கீழே தள்ளினார். எட்டு எடைப் பிரிவுகளில் பட்டம் வேறு. மறுமோதலில் மேவெதரே ஜெயித்தாலும் என் ஓட்டு பாக்கியாவுக்குத்தான்.