எவர்சில்வர் என்று விற்ற பிஸ்கட் வளையம்: நெல்லையில் வாங்கப்போகிறவர்கள் பார்த்து வாங்குங்கள்

"12 வளையம், 304 எவர்சில்வர், துருப்பிடிக்காது, துல்லிய அளவு." அட்டைப்பெட்டியில் இப்படித்தான் அச்சிட்டிருந்தது. திருநெல்வேலி ஜங்ஷன் பக்கம் ஒரு பாத்திரக்கடையில் 650 ரூபாய்க்கு வாங்கிய பிஸ்கட் கட்டர் செட் இது. கூடவே பேப்பர், பாய், ரெக்ஸின் எல்லாம் வட்டமாக வெட்டலாம் என்று சொல்லி 280 ரூபாய்க்கு ஒரு சர்க்கிள் கட்டரும் தந்தார்கள். இரண்டும் ஏமாற்று. பேக்கரி வேலை, பலகார ஆர்டர், கைவினைப் பொருள் என்று சிறு தொழில் செய்கிறவர்கள் இதே பெட்டியைக் கையில் எடுக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள்.

முதல் குறை அளவு. 70 மி.மீ என்று போட்டிருந்த வளையத்தின் வெட்டும் விளிம்பு 66 மி.மீதான் இருந்தது. கைக்குக் குத்தாமல் இருக்க மேல் விளிம்பை வெளிப்பக்கமாகச் சுருட்டியிருப்பார்கள். அந்தச் சுருளின் வெளி ஓரத்திலிருந்து எதிர் ஓரம் வரை அளந்தால் 70 வருகிறது. மாவில் இறங்குவது கீழ் விளிம்பு. அது பக்கத்துக்கு 2 மி.மீ உள்ளே நிற்கிறது. எல்லா வளையத்திலும் இதே கணக்குதான். 90 என்று போட்டது 86.

நாலு மி.மீதானே என்று விட்டுவிட முடியாது. வட்டத்தின் பரப்பு விட்டத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப மாறும். 70-க்குப் பதில் 66 என்றால் மாவு சுமார் 11 சதவீதம் குறைகிறது. 5 மி.மீ கனத்தில் தேய்த்த வெண்ணெய் பிஸ்கட் 70 மி.மீ வட்டத்தில் பச்சையாக 23 கிராம் நின்றால், இந்த வளையத்தில் இருபதரை கிராம்தான் நிற்கும். பத்து பிஸ்கட் போட்ட பாக்கெட்டில் 25 கிராம் போய்விடுகிறது. வெந்தபின் ஈரமும் வற்றும். லேபிளில் 200 கிராம் என்று அச்சடித்துவிட்டு 185 கிராமை நீட்டினால், எடைக்குறைவுக்குப் பதில் சொல்ல வேண்டியது வளையம் விற்றவர் அல்ல, பாக்கெட் போட்டவர்.

கடையிலேயே கண்டுபிடிக்க ஒரு நூல் போதும். கீழ் விளிம்பைச் சுற்றி நூலை இறுக்கிப் பிடித்து, நீட்டி, ஸ்கேலில் வைத்துப் பாருங்கள். அதை 3.14-ஆல் வகுத்தால் உண்மையான விட்டம். 50 மி.மீ வளையத்துக்கு நூல் 157 மி.மீ வர வேண்டும், 70-க்கு 220, 90-க்கு 283. இந்த செட்டில் 70 என்று போட்டதற்கு 207-ம், 90 என்று போட்டதற்கு 270-ம் வந்தது.

அடுத்தது, வளையம் வட்டமே இல்லை. அதே 66 மி.மீ வளையம் ஒரு பக்கம் 68, குறுக்கே 64. கண்ணுக்குத் தெரியாது. சோமாஸ் செய்தால்தான் தெரியும். வட்டத்தை நீளவாக்கில் மடித்தால் ஒரு மாதிரியும் குறுக்குவாக்கில் மடித்தால் வேறு மாதிரியும் வரும். சாய்வாக மடித்தால் ஓரத்தோடு ஓரம் சேராது. சேராத ஓரத்தை இழுத்து ஒட்டினால் அந்த இடத்தில் மாவு மெலியும், எண்ணெயில் போட்டதும் பிளக்கும். பூரணம் வெளியே கொட்டிக் கருகி, எண்ணெய் முழுதும் கறுத்துப்போகும். பொட்டுக்கடலை, சர்க்கரை, தேங்காய்ப்பூ, ஏலம் எல்லாம் வீண். 90 என்று நம்பி ஒரு மேசைக்கரண்டி பூரணம் வைத்தது 86 மி.மீ வட்டத்துக்குள் அடங்காமல் போனதும் இதோடு சேர்ந்துகொண்டது. முதல் ஈட்டில் இருபதுக்கு ஏழு சோமாஸ் வாய் பிளந்தது.

திருப்பிக் கொண்டுபோய்க் காட்டியபோது கடைக்காரர் வளையத்தைக் கையில்கூட வாங்கவில்லை. "மாவத் தேய்ச்ச உடனே வெட்டிருப்பிய, அதான் சுருங்கிருக்கு. மாவுலதான்க்கா கோளாறு" என்றார்.

அவர் சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது. அதனால்தான் விவரமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. மைதா மாவு தேய்த்த திசையிலேயே திரும்பச் சுருங்கும். பிசைந்தபின் ஈரத்துணி மூடி இருபது, முப்பது நிமிடம் விட்டுத் தேய்க்க வேண்டும். தேய்த்தபின் விரித்த மாவை ஒருமுறை பலகையிலிருந்து மேலே தூக்கி விட்டுவிட வேண்டும். சுருங்குவதெல்லாம் அப்போதே சுருங்கிவிடும், அதற்கப்புறம் வெட்டினால் வட்டம் வட்டமாகவே நிற்கும். வெண்ணெய் பிஸ்கட் மாவு சுருங்காது, ஆனால் இளகும். வெண்ணெய் 32 முதல் 35 டிகிரிக்குள் உருகிவிடும். சித்திரை வெயிலில் நம் அடுப்படிச் சூடே அதைத் தாண்டும். இரண்டு பட்டர் பேப்பருக்கு நடுவே தேய்த்து, அரைமணி நேரம் ஃப்ரிட்ஜில் வைத்து, வெளியே எடுத்ததும் வெட்ட வேண்டும். வளையத்தை ஒவ்வொரு முறையும் உலர்ந்த மாவில் தொட்டு நேராக அழுத்தி நேராக எடுக்க வேண்டும். திருகக் கூடாது. அடுக்கு மாவையோ பஃப்ஸ் மாவையோ திருகி வெட்டினால் ஓரத்து அடுக்குகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, வேகும்போது ஒரு பக்கம் மட்டும் எழும்பும்.

இத்தனையும் செய்த பிறகும் கோணல் வந்தால் பழி மாவின் மேல் இல்லை. சந்தேகமில்லாமல் நிரூபிக்கப் பேப்பர் ஒன்று போதும், பேப்பர் சுருங்காது. வளையத்தை வெள்ளைத்தாளில் வைத்து, உட்பக்கமாகக் கூர்மையான பென்சிலால் கோடு போடுங்கள். வளையத்தைக் கால் சுற்று திருப்பி, அதே கோட்டின் மேல் பொருத்தி மறுபடி போடுங்கள். உண்மையான வட்டமென்றால் ஒரே கோடு. இந்த செட்டில் இரண்டு கோடு, நடுவில் பிறை மாதிரி இடைவெளி. கடையின் கண்ணாடி மேசை மேலேயே போட்டுக் காட்டியாயிற்று. "எல்லா செட்டும் இப்படித்தான்க்கா வருது" என்று அதே கட்டிலிருந்து இன்னொரு பெட்டியை எடுத்துத் தந்தார். அதுவும் அதே கோணல்.

கண்ணாடி மேசையில் இன்னொன்றும் பார்க்கலாம். வளையத்தை வெட்டும் பக்கம் கீழாக வைத்து, மேலே ஒரு விரலால் அங்கங்கே தட்டுங்கள். ஆடினால் விளிம்பு சமமில்லை. சமமில்லாத விளிம்பு ஒரு இடத்தில் மாவை அறுக்காமல் விட்டுவிடும்; அதை அறுக்கத்தான் கை தானாகத் திருகப் பார்க்கும். 12-ல் ஐந்து வளையம் ஆடியது.

மூட்டு விஷயம் இதையெல்லாம்விட மோசம். நல்ல வளையத்தில் பட்டையின் இரு முனையும் முட்டுக்கு முட்டு சேர்த்துப் பற்றவைத்து, மேடு தெரியாமல் தேய்த்திருப்பார்கள். இதில் ஒரு முனை மேல் மறுமுனை ஏறி, இரண்டே புள்ளியில் பற்றவைத்திருக்கிறது. நகத்தை விட்டால் நகம் உள்ளே போகிறது. வெட்டும் ஒவ்வொரு வட்டத்திலும் அந்த இடத்தில் ஒரு வெட்டுக்காயம் விழுகிறது. பிஸ்கட்டில் அது அழகுக் கேடு. சோமாஸில் அங்கேதான் பூரணம் கசிகிறது. கழுவிக் கவிழ்த்து வைத்த வளையத்தின் மூட்டுக்குள் மறுநாள் பல்குத்தும் குச்சியை விட்டு இழுத்துப் பாருங்கள்: ஈர மாவு சாம்பல் நிறத்தில் சுருண்டு வரும், புளித்த வாடை அடிக்கும். எவ்வளவு வெந்நீர் ஊற்றினாலும் அந்த இடுக்குக்குள் போகாது. விற்பனைக்குச் செய்கிறவர்கள் இந்த மாதிரி மூட்டை வைத்துக்கொள்ளவே கூடாது.

மூன்றாம் முறை கழுவியதும் அதே மூட்டில் பழுப்புக் கோடு. 304 என்றால் சுமார் 18 சதவீதம் குரோமியமும் 8 சதவீதம் நிக்கலும் உள்ள தகடு. அடுப்படி ஈரத்துக்கு இவ்வளவு சீக்கிரம் துருப்பிடிக்காது. காந்தம் வைத்தால் டக்கென்று ஒட்டி, வளையத்தையே தூக்கிக்கொண்டு வந்தது. இது 304 இல்லை, அவ்வளவுதான். காந்தப் பரிசோதனையை முழுதாக நம்பிவிடவும் கூடாது. நல்ல 304-ம் வளைத்துச் சுருட்டிய இடத்தில் லேசாகக் காந்தத்தை இழுக்கும். நிக்கலைக் குறைத்து மாங்கனீஸ் ஏற்றிய மலிவு ரகமான 201 காந்தத்தில் ஒட்டாமல் தப்பித்துவிடும். பலமாக ஒட்டினால் வேண்டாம் என்று வைத்துவிடுங்கள். ஒட்டாவிட்டால், வீட்டில் உப்புத் தண்ணீரில் நனைத்த பஞ்சை மூட்டின் மேலும் அறுத்த விளிம்பின் மேலும் ஒரு ராத்திரி வைத்துப் பாருங்கள். காலையில் பழுப்புப் புள்ளி இருந்தால் அட்டையில் எழுதியதை நம்பாதீர்கள்.

சுருட்டிய விளிம்பு இன்னொரு நட்டமும் வைக்கிறது. மேலிருந்து பார்க்கிறவர் கண்ணுக்குச் சுருள்தான் தெரியும். முந்தைய வெட்டை ஒட்டி வைத்ததாக நினைப்போம், கத்தி விளிம்போ 2 மி.மீ தள்ளி இறங்கும். வரிசைக்கு வரிசை நேராக வெட்டினால் மாவில் எழுபத்தெட்டு சதவீதத்துக்கு மேல் வட்டமாக வராது; தேன்கூடு மாதிரி ஒரு வரிசையின் இடைவெளிக்கு நேராக அடுத்த வரிசையை வைத்தால் தொண்ணூறு வரை வரலாம். ஆனால் அது வளையம் ஒட்டி உட்கார்ந்தால்தான். மிச்ச மாவைத் திரட்டி மறுபடி தேய்த்தால் உலர்மாவும் சேர்ந்து, பிஸ்கட் கரகரப்பு போய்க் கெட்டியாகிவிடும்.

இனி அந்த சர்க்கிள் கட்டர். நடுவில் ஊசி, நீளும் கை, முனையில் பிளேடு. கடையில் சார்ட் பேப்பரில் ஒரு வட்டம் வெட்டிக் காட்டினார்கள், நன்றாகத்தான் வந்தது. கொஞ்சம் கனமான அட்டையில் வைத்ததும் கையை இறுக்கும் பிளாஸ்டிக் திருகு நழுவுகிறது. 100 மி.மீ விட்டத்தில் தொடங்கிய வெட்டு 103-ல் முடிந்து, தொடங்கிய இடத்தைத் தொடாமலே போய்விடுகிறது. வாங்கும்போது ஒரே இடத்தில் விடாமல் மூன்று சுற்று சுற்றச் சொல்லுங்கள். மூன்றும் ஒரே தடத்தில் விழ வேண்டும். திருகு பித்தளையோ இரும்போ ஆக இருக்க வேண்டும். நல்ல கட்டரிலும் ஒரே அழுத்தில் அறுக்கக் கூடாது. லேசாக இரண்டு மூன்று சுற்று, கட்டரைப் பிடித்துக்கொண்டு பேப்பரைச் சுற்றுவது நல்லது. ஊசி ஓட்டை விழாமல் இருக்க நடுவில் சிறு அட்டைத்துண்டை டேப்பால் ஒட்டி அதன் மேல் குத்துங்கள்.

"பாயும் வெட்டலாம்" என்று சொன்னது அப்பட்டமான பொய். பத்தமடைப் பாயில் கோரை ஒரு பக்கமாகவும் நூல் அதன் குறுக்காகவும் ஓடுகிறது. டம்ளர் வைக்கும் வட்டத்துக்காகப் பாய்த் துண்டை அப்படியே அறுத்தால் நூல் முனைகள் விடுபட்டு, ஓரத்துக் கோரை ஒவ்வொன்றாக உருவிக்கொண்டு வரும். இந்தக் கட்டரின் பிளேடு கோரையின் போக்கில் வழுக்கி, குறுக்கே வரும்போது மாட்டி, பாயைக் கிழித்தது. பாயை வட்டமாக்க வேண்டுமென்றால் முதலில் வட்டம் வரைந்து, கோட்டுக்கு 5 மி.மீ உள்ளே தையல் மிஷினில் இரண்டு சுற்று ஓட்ட வேண்டும். பின்பக்கம் ஓரத்தில் வெள்ளைப் பசையை மெல்லிசாகத் தடவி ஒரு ராத்திரி காயவிட்டு, நல்ல கத்தரியால் கோட்டில் வெட்டி, சாய்வாக வெட்டிய துணிப்பட்டையை ஓரத்தில் வைத்துத் தைக்க வேண்டும். ரெக்ஸினுக்கும் ஃபெல்ட்டுக்கும் சின்ன வட்டமென்றால் சுத்தியலால் அடிக்கும் ஓட்டை பஞ்ச்தான் சரி; அடியில் மரக்கட்டை வையுங்கள், சிமென்ட் தரையில் அடித்தால் முனை ஒரே நாளில் மழுங்கும்.

பணம் திரும்பக் கேட்டதற்கு, "விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது" என்ற போர்டைக் கை காட்டினார்கள். பில் என்று தந்ததும் கடைப்பெயர் இல்லாத எஸ்டிமேட் சீட்டு. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி இரண்டுமே நேர்மையற்ற வணிகமுறை. பில் தராமல் விற்பது தவறு. குறையுள்ள பொருளை பில்லில் சொன்ன காலத்துக்குள், காலம் சொல்லாவிட்டால் 30 நாளுக்குள், திரும்ப எடுக்க மறுப்பதும் தவறு. போர்டு மாட்டிவிட்டால் சட்டம் மாறிவிடாது. பெட்டியைத் திருப்பிப் பார்த்தால் தயாரித்தவர் பெயரும் இல்லை, இறக்குமதி செய்தவர் முகவரியும் இல்லை, அதிகபட்ச விலையும் இல்லை. பெட்டியில் அடைத்து விற்கும் பொருளில் இவையெல்லாம் அச்சிட்டிருக்க வேண்டும் என்பது 2011-ஆம் ஆண்டு எடையளவு விதி. அளவு முக்கியமான பொருளென்றால் அளவும் சரியாக இருக்க வேண்டும். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிவாகியிருக்கிறது. பில் இல்லாததால் போனில் பணம் அனுப்பிய பதிவு, எஸ்டிமேட் சீட்டின் படம், நூலை ஸ்கேலில் வைத்த படம், இரண்டு கோடு போட்ட தாள் எல்லாம் சேர்த்துக் கொடுத்தோம். பணம் இன்னும் வரவில்லை. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் ரூபாய் வரையான பொருளுக்குப் புகார்க் கட்டணம் கிடையாது, அடுத்தது அங்கேதான்.

உடனே வேலைக்கு வளையம் வேண்டுமென்றால் எவர்சில்வர் வேலை செய்யும் பட்டறையில் சொல்லிச் செய்துகொள்ளலாம். அரை மி.மீ கனத்தில் 304 பட்டை, அகலம் 30 மி.மீ, டோனட் போன்ற கனத்த மாவுக்கு 45. 70 மி.மீ வட்டத்துக்குப் பட்டை நீளம் 220 மி.மீ. முனைகளை முட்டுக்கு முட்டு வைத்து ஆர்கான் வெல்டிங், உள்ளும் புறமும் தேய்த்துத் தர வேண்டும். ஈயப்பற்று வைக்க விடாதீர்கள், அது உணவில் படக்கூடாது. வெட்டும் விளிம்பை வெளிப்பக்கம் மட்டும் சாய்வாகத் தேய்க்கச் சொல்லுங்கள். உட்பக்கம் நேராக நின்றால்தான் பிஸ்கட்டின் ஓரமும் நேராக நிற்கும். வாங்கும்போது நூலையும் பென்சிலையும் கையோடு கொண்டுபோங்கள்.